தோட்பையும் இயக்கச் சின்னமும்

இளைஞர் இயக்கமொன்றின் சின்னம் பொறித்த தோட்பையை வெறும் அலங்காரமென ஒதுக்குதல் எளிது. அன்றாடப் பயன்பொருள் கருத்துநிலையைச் சுமக்கும் முறையே எமது ஆய்வுக்குரியது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு முன்னோடி கதர். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தினர், ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர், கதரைப் போற்றினர். 1927 நவம்பரில் அவர்களது அழைப்பையேற்று யாழ்ப்பாணம் வந்த காந்தி கதர் நிதி திரட்டினார். இங்கு சின்னம் துணியின்மேற் பொறிக்கப்படவில்லை, துணியே சின்னமாயிற்று. அவ்வகையில் அது அச்சிட்ட பையினும் ஆழமானது. பாடசாலைகளிற் சமஆசனம் கோரியும், 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணித்துக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளை வெறுமையாக்கியும் நின்றவர்களது அரசியலை உடையைக்கொண்டு மட்டும் அளப்பதும் முறையன்று.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. கதர் இயக்கத்தின் நிலைக்களம் பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்தது. குடாநாட்டுப் பெண்கள் பனையோலையில் இழைத்த உமலோ சந்தையிலிருந்து மீனும் மரக்கறியும் சுமந்ததேயன்றிக் கொள்கை சுமக்கவில்லை. தம் கண்முன் நிகழ்ந்த உழைப்பு குறியீடாக உயராமை தற்செயலன்று என்றே கருதுகிறோம். உமலில் அடுக்களையின் வாடை இருந்தது, வறுமையின் வாடையும் இருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர இளைஞன் அதனைச் சுமந்து கல்லூரி வாயிலைக் கடந்திருப்பானா என்பது ஐயமே.