வில்லிடம் பாடக் கற்ற குரல்

1971-இல் பிறந்து இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெய்ன் நகரில் வளர்ந்த பாடகி அலிசன் கிரௌஸ், தம் முதல் தனிப் புளூகிராஸ் இசைத் தொகுப்பான 'டூ லேட் டு க்ரை'யை 1987-இல் ரவுண்டர் நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்ரோ 1940-களில் தம் குழுவைக் கொண்டு வடிவமைத்த புளூகிராஸ் இசையில் பாஞ்சோ, மாண்டலின், கிட்டார், வயலின், பாஸ் ஆகிய கருவிகள் முறைவைத்து முன்வந்து தனித்து ஒலிக்கும். அவற்றுக்கு மேலாக, மேல்ஸ்தாயியில் இறுகி நிற்கும் ஆண்குரலே நெடுங்காலம் அதன் அடையாளமாக இருந்தது.

அம்மரபில் ஓர் இளம்பெண்ணின் மென்குரல் நிலைபெற்றதற்கான காரணத்தை அவருடைய வயலினில்தான் தேட வேண்டும். ஐந்து வயதில் செவ்வியல் வயலின் பயிலத் தொடங்கி, பின்னர் நாட்டுப்புற வயலின் போட்டிகளில் வென்றவர் அவர். பாடும்போதும் சுரத்தை நேராகத் தாக்காமல் சற்றே கீழிருந்து வழுக்கி ஏறித் தொடுகிறார். வரியின் இறுதியை வெட்டி நிறுத்தாமல், நரம்பைவிட்டு வில் விலகுவதைப் போல மெல்லத் தேயவிடுகிறார். இத்தொகுப்பில் குரலே இல்லாத 'டஸ்ட்டி மில்லர்' என்ற மரபு மெட்டைக் கேட்டுவிட்டுத் தலைப்புப் பாடலுக்குத் திரும்புபவருக்கு இந்த உறவு தெளிவாகவே புலப்படும்.

மாண்டலினில் சாம் புஷ், பாஞ்சோவில் டோனி ட்ரிஷ்கா, மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் நரம்புகளை வழுக்கி வாசிக்கும் டோப்ரோ என்னும் கிட்டாரில் ஜெர்ரி டக்ளஸ் எனத் தேர்ந்த கலைஞர்கள் சூழ்ந்திருந்தும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை என்பது வியப்புக்குரியது. பெரும்பாலான பாடல்களை எழுதிய ஜான் பென்னல் அவருடைய தொடக்ககால இசைத்தோழர் என்பதால், மெட்டுகள் அக்குரலின் எல்லையை அறிந்தே அமைந்துள்ளன. ரோட்னி க்ரோவெல் இயற்றிய 'சாங் ஃபார் லைஃப்' மட்டும் சற்றுப் பொருந்தாமல் நிற்கிறது. ஆடி ஓய்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் அப்பாடலுக்கு வேண்டிய களைப்பு அவ்வயதின் குரலில் இல்லை. எனினும் இல்லாத துயரத்தை அவர் நடித்துக் காட்டவில்லை என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

அடுத்த தனித் தொகுப்பான 'ஐ'வ் காட் தட் ஓல்ட் ஃபீலிங்' 1990-இல் வெளிவந்து கிராமி விருதையும் பெற்றது. குரலின் பக்குவத்தில் அதுவே மேலானது. ஆயினும் வயலின் குரலுக்குத் துணையாக நில்லாமல் அதனோடு சரிநிகராக வழக்காடும் துணிச்சலை 1987-இன் பதிவில்தான் கேட்க முடிகிறது.