அருளப்பர் எங்கே போனார்?

எபிரேயப் பெயரை எபிரேயர் உச்சரித்தபடியே சொன்னால்தான் பெயர், மற்றதெல்லாம் திரிபு என்றொரு வாதம் இப்போது செல்வாக்கோடு உலவுகிறது. இயேசுவை 'யெஷுவா' என்று திருத்திச் சொல்லும் போதகர்கள் பெருகிவிட்டார்கள். யோவானும் 'யோகனான்' ஆகவேண்டுமாம். ஒலிதான் மூலம் என்பது இவர்கள் கட்சி. தீர்க்கதரிசிகளே இந்தக் கட்சியில் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

ஓசியா தம் மகளுக்கு லோருகாமா என்றும் மகனுக்கு லோகம்மி என்றும் பெயர் வைத்தார். இரக்கம் பெறாதவள்; என் மக்கள் அல்ல. பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் ஊர்மேல் தீர்ப்பு விழுந்தது. கேட்டவனுக்குப் பொருள் புரிந்ததால்தான் அது தீர்க்கதரிசனம். யோகனானும் அப்படியொரு வாக்கியமே: யாவே அருளினார். அதே இரு கூறுகளை முன்பின்னாக மாற்றினால் அனனியா. எரேமியாவை எதிர்த்து நின்ற பொய்த் தீர்க்கதரிசிக்கும் அதே பெயர்தான். குழந்தைப் பெயர்ப் புத்தகம் விற்பவர்கள் கவனிக்க.

'உன் உறவில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே' என்று திருமுழுக்கு யோவானின் தாய் எலிசபெத்திடம் சுற்றத்தார் ஆட்சேபித்ததை லூக்கா எழுதுகிறார். குர்ஆனின் மர்யம் அத்தியாயமும் இப்பெயர் முன்பு யாருக்கும் இடப்படவில்லை என்கிறது. அங்கே அவர் யஹ்யா நபி. உரைகாரர்கள் பலர் அதை 'வாழ்தல்' என்ற அரபி வேரோடு சேர்த்துப் பொருள் கண்டார்கள். ஒலி அங்கேயும் அப்படியே தங்கவில்லை.

தமிழுக்கு வருவோம். போர்த்துக்கீசியர் காலத்துக் கடற்கரை, காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டது: சந்தியாகு, சூசை. மறவர் நாட்டில் 1693இல் ஓரியூரில் வெட்டுண்ட ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். ஜான் என்பதற்குள் இருந்த அருளை யாரோ கண்டு வெளியே எடுத்திருக்கிறார்கள்.

அந்த வழியை இலக்கியமாக்கியவர் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் என்ற தம் பெயரையே முதலில் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டவர் அவர். தேம்பாவணியின் 3 காண்டங்களிலும் 36 படலங்களிலும் தலைவனாக நடமாடும் சூசைக்கு, அதாவது யோசேப்புக்கு, அவர் இட்ட பெயர் வளன். யோசேப்பு என்றால் 'இன்னும் பெருகத் தருவார்' என்று பொருள்; வளன் என்ற மூன்றெழுத்தில் அது முழுதும் அடங்கிவிட்டது. திருமுழுக்கு யோவானுக்கோ கருணையன் என்று பெயரிட்டார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில், கானகத்தில் தாயை இழந்து புலம்பும் கருணையனைச் சென்னையின் பெரம்பூர்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மதம் தெரியாத பிள்ளைக்கும் அந்த அழுகை எட்டுகிறது. அந்த இடத்தில் யோகனான் என்றொருவன் அழுதிருந்தால் பாட்டில் அவன் விருந்தாளிதான். பெயரிலிருந்த யாவே உதிர்ந்துவிட்டதே என்று குறை சொல்வார்கள், சொல்லட்டும்.

சீர்திருத்தச் சபையார் வேறு பாதையில் போனார்கள். பெரம்பூருக்குப் பக்கத்திலேயே வேப்பேரியில் அச்சகம் வைத்திருந்த பப்ரீஷியஸ், 1772இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். உழைப்பில் அவருக்கு ஈடு குறைவு. பெயர்களில் மட்டும் அவர் மரபு கிரேக்க ஒலியின் பக்கம் சாய்ந்து, யோவான் நிலைத்தார். கத்தோலிக்க வீடுகளில் யோவான் அருளப்பராகவும் பேதுரு இராயப்பராகவும் பவுல் சின்னப்பராகவும் இருபதாம் நூற்றாண்டிலும் செல்வாக்கோடு இருந்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வந்தபோது யோவான், பேதுரு, பவுல் என்று ஒலிப்பெயர்களே அச்சேறின. ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டுதான். ஆனால் இங்கே ஒரு தரப்பு மட்டுமே விலை கொடுத்தது. இராயப்பரால்தான் ராயபுரத்துக்குப் பெயர் வந்தது என்பார்கள். பேதுருவை வைத்துக்கொண்டு அதை எப்படி விளக்குவது?

பெரம்பூரில் இந்த ஒரே பெயர் நாலு விதமாக நடமாடுகிறது. ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியர் ஜான். வேதாகமம் சுமந்து சபைக்குப் போகிறவர் யோவான். ஜமாலியாப் பக்கம் யஹ்யா. லூர்து அன்னை ஆலயத்தார் வீட்டில் அருள், அருள்ராஜ், அருள்மேரி. நால்வரில் எபிரேயத்துக்கு மிக நெருக்கமானவர் நாலாமவர் என்பேன். பொருள் கேட்க அகராதி தேடவேண்டாத பெயர் அவருடையது மட்டுமே. மிகத் தமிழான பெயரே மிக எபிரேயமானதும் என்று சொன்னால் மூலவாதிகளுக்குக் கோபம் வரும். ஆனால் ஓசியாவின் அளவுகோலால் அளந்தால் விடை அதுதான்.

திருவிவிலியத்தை அடுத்து எப்போது திருத்தினாலும், யோவான் என்று முதலில் வரும் இடத்தின் அடிக்குறிப்பிலாவது அருளப்பரைத் திரும்பச் சேருங்கள். கருணையனையும் பக்கத்தில் எழுதுங்கள்.