சாராயப் போத்தல் தேன்

"உங்க ஊர்ல தேனைச் சாராய பாட்டில்ல அடைச்சு ரோட்டோரம் விப்பாங்களாமே சார்?" நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரிக் கடையொன்றில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். விற்கிறோம்தான். இலங்கையின் கிழக்கே வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் பாலையும் வீரையும் பூக்கும் காட்டில் எடுக்கிற தேன் அந்தப் போத்தலில்தான் வருகிறது. பளபளக்கும் புட்டிகளின் கதையும் தெரியும்: 2020இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 இந்திய பிராண்டுகளைச் சோதித்தபோது எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே மூன்று.

ஆனால் அந்தக் கடைத் தேனை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அது குறும்பரும் இருளரும் காட்டுக்கொடி ஏணியில் தொங்கி, புகை போட்டுப் பாறையிலிருந்து எடுத்தது. 1993இல் தொடங்கிய கீஸ்டோன் அமைப்பு, புழு இருக்கும் அடையை விட்டுவிட்டுத் தேன் பகுதியை மட்டும் அறுக்கவும், கையால் பிழியாமல் வடியவிடவும் அவர்களைப் பழக்கியது. 2013இல் பழங்குடிகளே பங்குதாரர்களாக ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது, 2021இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசையும் வாங்கிவிட்டது. 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' கடைகளில் கசப்புத் தேனைக் கசப்பென்றே எழுதி விற்கிறார்கள். எங்களவருக்கு அந்தத் துணிச்சல் வராது.

எங்கள் பக்கம் தரகர் இல்லை, காசு முழுவதும் எடுத்தவர் கைக்கே என்று நான் வாதாடினேன். உண்மைதான். ஆனால் வாகரையில் வாங்க வருகிறவர் தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசுவார். பற்றிக்கொள்ளும். "எண்டாலும் சீனிப்பாணி கலந்திருப்பியள்" என்று இருநூறு ரூபாய் குறைப்பார். பொழுது சாய்ந்தால் விற்பவரும் இணங்கிவிடுவார். இவர்களின் முன்னோர் இப்படிப் பேரம் பேசியவர்களல்லர். வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியையும் அம்பு வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று றொபேட் நொக்ஸ் 1681இல் எழுதினார். கொல்லன் அம்பு செய்து வைக்காவிட்டால் இருட்டில் அவனை நோக்கி அம்பு பாயுமாம்!

இந்தியாவில் 2006இன் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருளை எடுக்கவும் விற்கவும் பழங்குடிக்கு உரிமை தருகிறது. தேனும் அதில் அடக்கம். (வனத்துறை அதை எவ்வளவு மதிக்கிறது என்பது வேறு கதை.) இலங்கையில் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானதும் தம்பானை வேடர்கள் பலர் ஹெனானிகலவில் குடியேற்றப்பட்டார்கள். வேடர் தலைவர் திசாஹாமி மட்டும் சிறு குழுவோடு தம்பானையை விட்டு அசையவில்லை. முப்பாட்டன் தேன் எடுத்த காட்டுக்குள் அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றமாகிவிட்டது. ஒளித்து எடுத்த தேனுக்கு நியாய விலை கேட்க யாருக்கு வாய் வரும்?

கோத்தகிரியைப் பார்த்துப் புட்டியையும் லேபிளையும் மட்டும் கொண்டுவந்தால் போதாது. தேன் எடுக்கும் உரிமையை அரசு முதலில் சட்டத்தில் எழுதட்டும். பிறகு வேடர் பெயரிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதியட்டும். அதுவரை வாகரைப் பக்கம் போகிறவர்கள் தீக்குச்சியை உரசாமல், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.