கேப்டனும் ஓடுகாலியும்: எர்ன்ஸ்ட் யூங்கரை வாசித்தல்

1941 மே 29. பாரிசுக்கு வெளியே ஒரு காடு. ஜெர்மன் ராணுவத்திலிருந்து ஓடிப்போய், ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் வீட்டில் ஒளிந்திருந்து பிடிபட்ட சிப்பாய் ஒருவனை மரத்தில் கட்டிச் சுடப்போகிறார்கள். தண்டனை நிறைவேற்றத்தை மேற்பார்வை பார்க்க நியமிக்கப்பட்ட அதிகாரி ஒரு கேப்டன். ஜெர்மனியில் பேர்பெற்ற எழுத்தாளர். உடம்பு சரியில்லையென்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். அந்த யோசனை வந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் போனார். ஒரு மனிதன் தன் சாவை எப்படி எதிர்கொள்கிறான் என்று பார்க்கிற ஆர்வமும் தன்னை அங்கே கொண்டுபோனதாக ஒத்துக்கொள்கிறார். சாகப்போகிறவன் கன்னத்தருகே பறந்த ஈ வரைக்கும் குறிப்பில் இருக்கிறது.

அந்தக் கேப்டன் எர்ன்ஸ்ட் யூங்கர் (1895–1998). இந்தப் பக்கத்தை முதன்முதலாக வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. மயக்கம்தான் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு எழுத்து. ஒரு சொல் மிகையில்லை, கண்ணீர் இல்லை, உபதேசம் இல்லை. கோபம் பிறகுதான் வந்தது, அதுவும் என்மேல். புத்தகத்தைக் கொடுத்த நண்பரிடம் இதைச் சொன்னபோது, “நடை பிரமாதம்ப்பா. அரசியல வேணா தள்ளிவச்சிட்டு வாசிச்சுக்கோ” என்றார். இந்தக் கட்டுரை அவருக்கான பதில்தான். தள்ளிவைக்க முடியுமா? தள்ளிவைத்தால் கையில் என்ன மிஞ்சும்?

1

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைடெல்பெர்க்கில் பிறப்பு. 1914இல் போர் தொடங்கியதும் தானாக முன்வந்து சேர்ந்தார். மேற்கு முனையில் நான்கு வருடம். பதினான்கு முறை உடம்பில் அடிபட்டதாக அவரே கணக்குச் சொல்கிறார். 1918 செப்டம்பரில் பிரஷ்யாவின் மிக உயர்ந்த ராணுவ விருதான ‘பூர் லெ மெரிட்’ கிடைத்தது. போர்முனை நோட்டுப்புத்தகங்களிலிருந்து உருவாக்கிய ‘எஃகுப் புயல்களில்’ 1920இல் வந்தது. அப்புறம் நூற்றிரண்டு வயதுவரை எழுதிக்கொண்டேயிருந்தார், வண்டுகளும் சேகரித்தார்.

இந்தக் குறிப்பில் வழக்கமாக ஓரமாகப் போய்விடுகிற ஒரு வருடம் இருக்கிறது. 1913. பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடிய பதினெட்டு வயதுப் பையன், வெர்டனில் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து அல்ஜீரியாவுக்கு அனுப்பப்படுகிறான். அங்கேயும் இருக்கப் பிடிக்காமல் படையைவிட்டு ஓடுகிறான். பிடிபடுகிறான். அப்பா தலையிட்டு மீட்டு வீட்டுக்குக் கூட்டி வருகிறார். 1936இல் ‘ஆப்பிரிக்க விளையாட்டுகள்’ என்று இதை நாவலாகவும் எழுதினார். ஆக, 1941இல் அந்த மரத்துக்கு எதிரே நின்ற கேப்டனும் ஒரு காலத்தில் ஓடுகாலிதான். இரண்டும் ஒன்றில்லை. ஒன்று சமாதான காலம். வசதியான அப்பா இருந்தார். மற்றது போர்க்காலம், அந்தச் சிப்பாய்க்கு யாரும் வரவில்லை. இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியம்.

இரண்டாவது ஓட்டம் 1918 மார்ச் 19. ஜெர்மனியின் கடைசிப் பெருந்தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்பு, யூங்கரின் கம்பெனி ஒதுங்கியிருந்த பெரிய குழியில் ஒரு குண்டு நேராக வந்து விழுந்தது. சுமார் நூற்றைம்பது பேரில் பாதிக்கு மேல் சாவும் காயமும். லெப்டினன்ட் யூங்கர் இருட்டில் கண்மண் தெரியாமல் ஓடினார். பிறகு திரும்பி வந்தார். மிச்சமிருந்தவர்களைச் சேர்த்து நடத்திக்கொண்டு போன பிறகு தரையில் விழுந்து அழுதார். மறைக்கவில்லை, புத்தகத்தில் இருக்கிறது. என் வாசிப்பில் அந்தப் புத்தகத்தின் மிக உண்மையான பக்கங்கள் இவைதான். பயமும் அழுகையும் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே அதன்மேல் ஒரு நடையைக் கட்டினார் என்பதுதான் விஷயம்.

2

கட்டினார் என்பதைச் சும்மா உருவகமாகச் சொல்லவில்லை. ‘எஃகுப் புயல்களில்’ ஒரு பிரதி அல்ல, பல பிரதிகள். வாழ்நாள் முழுக்க அதைத் திருத்தி ஏழு வடிவங்கள் வெளியிட்டார். 1924 பதிப்பில் தேசியவெறி தூக்கல். ஜெர்மனி அழியாது என்கிற முழக்கத்தோடு முடிகிறது. 1934 பதிப்பில் அந்த முழக்கம் எடுக்கப்பட்டுவிட்டது. பிந்திய பதிப்பில், தான் சுட்டுக் கொன்ற ஓர் இளம் ஆங்கிலச் சிப்பாயைப் பற்றிய இடத்தில், அரசு நம் பொறுப்பை வாங்கிக்கொள்ளலாம், துக்கத்தை வாங்கிக்கொள்ள முடியாது என்கிற மாதிரி ஒரு சிந்தனை சேர்கிறது. ஆங்கிலத்தில் வாசிக்கிற நமக்கும் இதனால் இரண்டு யூங்கர்கள். பாசில் கிரெய்ட்டனின் 1929 மொழிபெயர்ப்பு 1924 பதிப்பிலிருந்து வந்தது. மைக்கேல் ஹோஃப்மனின் 2003 மொழிபெயர்ப்பு 1961 வடிவத்திலிருந்து. அருகருகே வைத்துப் பார்த்தால் ஆள் மாறுகிறார். முதலாமவர் மேடைப் பேச்சாளர். இரண்டாமவர் ஞானி. நடுவில் இருந்த அரசியல்வாதி எங்கே போனார்?

2010இல் அசல் போர் நாட்குறிப்புகளை ஹெல்முத் கீசல் பதிப்பித்தபோது இன்னொரு யூங்கர் வெளியே வந்தார். குடிக்கிறார், சலித்துக்கொள்கிறார், பதுங்குகுழிப் பக்கம் வண்டு பிடித்துப் பட்டியல் போடுகிறார், இந்தப் பாழாய்ப்போன போர் எப்போதுதான் முடியுமோ என்று புலம்புகிறார். நான் மயங்கிய குளிர்ந்த பார்வை களத்திலேயே பிறந்ததில்லை, மேசையில் செதுக்கியது. அதற்காகவே அது பொய் என்று சொல்லமாட்டேன். எல்லா எழுத்தும் மேசையில் செதுக்கியதுதான். ஆனால் எதைச் செதுக்கி எறிந்தார் என்று கேட்கிற உரிமை வாசகனுக்கு உண்டு.

3

எறிந்ததில் பெரிய குவியல் வேறிடத்தில் கிடக்கிறது. வைமார் காலத்தில் தேசியவாத ஏடுகளில் யூங்கர் எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கும் மேல். 1923இல் நாஜிக் கட்சியின் பத்திரிகையிலும் எழுதினார். 1926இல் தன் புத்தகம் ஒன்றை ஹிட்லருக்குக் கையெழுத்திட்டு அனுப்பினார். 1930இல் ‘தேசியமும் யூதப் பிரச்சினையும்’ பற்றி எழுதிய கட்டுரையில், யூதர் ஜெர்மானியராக இருக்க முடியாது என்பதுதான் சாரம். 1978 முதல் 1983 வரை பதினெட்டுத் தொகுதிகளாக வந்த முழுப் படைப்புகளில் இவற்றுக்கு இடமில்லை. அவர் செத்த பிறகு 2001இல்தான் தொகுப்பாக வந்தன. ‘முழு’ என்கிற சொல்லை நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக வாசிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1927இல் நாஜிகள் தர வந்த நாடாளுமன்ற இடத்தை மறுத்தார். 1933இல் நாஜிகள் கைக்குப் போன பிரஷ்யக் கலைக் கழகத்தில் சேர மறுத்தார். கட்சியில் அவர் சேரவேயில்லை. 1939இல் வந்த ‘பளிங்குப் பாறைகளின்மேல்’ நாவலைக் கொடுங்கோன்மை எதிர்ப்பாக வாசித்தவர்கள் அன்றே உண்டு. மகன் எர்ன்ஸ்டெல், ஆட்சியை விமர்சித்ததற்காகச் சிறை போய், பிறகு களத்துக்கு அனுப்பப்பட்டு, 1944 நவம்பரில் இத்தாலியில் செத்தான். இந்தத் துக்கத்தின்மேல் நின்று யாரும் கேலி பேச முடியாது.

யூங்கர் தொகுத்த ‘போரும் போர்வீரரும்’ நூலுக்கு வால்ட்டர் பெஞ்சமின் 1930இல் ‘ஜெர்மன் பாசிசத்தின் கோட்பாடுகள்’ என்ற மதிப்புரை எழுதினார். ‘முழு அணிதிரட்டல்’ என்கிற யூங்கரின் கட்டுரை இருப்பது அந்த நூலில்தான். நவீனப் போரில் களம், பின்னணி என்ற பிரிவே கிடையாது. ஆலை, ரயில், வீடு எல்லாமே போர் எந்திரத்தின் பல்சக்கரங்கள் என்றது அது. கணிப்பு சரிதான். ஆனால் அதைக் கண்டு அஞ்சாமல் வியக்கிறார். பெஞ்சமின் இங்கேதான் பிடிக்கிறார்: ‘கலை கலைக்காகவே’ என்ற கொள்கையை அப்படியே போருக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறார். பத்து வருடம் கழித்து, 1940 ஜூனில், நாஜிப் படைக்குத் தப்பிப் பாரிசைவிட்டு ஓடினார் பெஞ்சமின். செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையில் உயிர்விட்டார். அடுத்த வருடம் அதே பாரிசுக்குச் சீருடையோடு வந்தவர் யூங்கர்.

பெஞ்சமினை ஏற்றுக்கொண்டு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். யூங்கரின் அழகியல் போரை மட்டும் அழகாக்கவில்லை, பார்ப்பவனை அழகாக்குகிறது. எது நடந்தாலும் குலையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னிலை ஒன்றைக் கட்டுகிறது. வாசகனுக்கு அதுவாக மாற ஆசை வருகிறது. என் மயக்கம் அங்கேதான் இருந்தது. அந்தத் தன்னிலைக்குக் குரூரம் கண்ணில் படாமலில்லை. 1942 ஜூனில் பாரிஸ் தெருவில் மஞ்சள் நட்சத்திரம் அணிந்த மூன்று பெண்களைக் கண்டு தன் சீருடையை எண்ணிக் கூசியதை எழுதுகிறார். ஜூலையில் யூதர்களைப் பிடித்தபோது குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததை எழுதுகிறார். அந்த வருடக் கடைசியில், காக்கசசில், படுகொலைச் செய்திகளைக் கேட்டு, தான் அவ்வளவு நேசித்த சீருடை, பதக்கம், ஆயுதம் எல்லாமே அருவருக்கிறது என்கிறார். அப்புறம்? பாரிசுக்குத் திரும்பி அதே சீருடையில் வேலையைத் தொடர்கிறார். கூசியது உண்மை. கழற்றவில்லை என்பதும் உண்மை.

4

அதே ராணுவத்தில் கழற்றியவர்கள் இருந்தார்கள். ஆல்பிரட் ஆண்டர்ஷ் 1944 ஜூன் 6 அன்று இத்தாலியில் படையைவிட்டு ஓடினார். அதை 1952இல் ‘சுதந்திரத்தின் செர்ரிப் பழங்கள்’ என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், இடதுசாரியான ஆண்டர்ஷ் யூங்கரின் ரசிகர். ஓடியவர், ஓடியவனைச் சுட்டதை மேற்பார்வை பார்த்தவரைக் கொண்டாடுகிறார். நடையின் வசியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

பெயரில்லாத ஓடுகாலிகளின் கணக்கையும் பார்ப்போம். முதல் உலகப் போர் முழுக்க ஜெர்மன் ராணுவம் நிறைவேற்றிய மரண தண்டனைகள் 48. இரண்டாம் போரில் ராணுவ நீதிமன்றங்கள் விதித்தவை சுமார் 30,000. நிறைவேறியவை ஏறத்தாழ 20,000 என்கிறார்கள் வரலாற்றாளர்கள். பிழைத்தவர்களைப் போருக்குப் பின்னும் ஊரும் அரசும் கோழை, துரோகி என்றே நடத்தின. கேப்டனுக்கு 1982இல் ஃபிராங்ஃபர்ட் நகரம் கோதே பரிசு கொடுத்தது. பசுமைக் கட்சிக்காரர்கள் எதிர்த்தார்கள், பரிசு நிற்கவில்லை. 1984இல் கோல், மித்தரான் கலந்துகொண்ட வெர்டன் நிகழ்ச்சியில் அவரும் இருந்தார். ஓடிப்போன சிப்பாய்கள்மேல் இருந்த தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் மொத்தமாக ரத்து செய்தது 2002இல்.

பிற்கால யூங்கரைச் சொல்லி நம் தோழர்கள் சிலர் வாதிடலாம். ‘காட்டு நடை’யில் (1951) அதிகாரத்துக்குப் பணியாத தனிமனிதனையும், ‘யூமெஸ்வில்’ நாவலில் (1977) ‘அனார்க்’ என்ற உள்ளுக்குள் யாருக்கும் கட்டுப்படாதவனையும் உருவாக்கினாரே என்று. சரி, அந்த அனார்க் என்ன உத்தியோகம் பார்க்கிறான்? கொடுங்கோலனின் கோட்டையில் ராத்திரி மது ஊற்றுகிறான். மனசுக்குள் விடுதலை, கையில் தட்டு. 1941இலும் இதேதான்: மனசுக்குள் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வெளியே கடமையை முடித்தார்.

நண்பருக்கு என் பதில் இதுதான். அரசியலைத் தள்ளிவைத்தால் நடையும் கூடவே போய்விடும். இந்த நடைக்கு வேலையே, பங்கெடுத்தவனைப் பார்வையாளனாக மாற்றிக் காட்டுவதுதான். யூங்கரை வாசியுங்கள் என்றுதான் சொல்வேன், எல்லாப் பதிப்பையும், விட்டுப்போன கட்டுரைகளையும் சேர்த்து. 1918இல் குழிக்குப் பக்கத்தில் அழுத லெப்டினன்டை மறக்காமல் வாசியுங்கள். ஓடுகாலி என்ற சொல் நம்மிடமும் வசவுதான். வீட்டைவிட்டுப் போன பெண்ணுக்கும் அதே சொல், இயக்கத்தைவிட்டுப் போனவனுக்கும் அதே சொல். அந்தச் சிப்பாய் ஏன் ஓடினான் என்று அவன் வாயால் சொன்ன எழுத்து நம் கைக்கு வரவில்லை. அவனைப் பற்றி நாம் வாசிப்பதெல்லாம் எதிரே நின்றவர் எழுதியது.