கெமிஸ்தம்: ஒரு நூற்பெயர் தரும் படிப்பினை

அச்சுவேலிக் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்படிவு உறைதலை நம் மனைகளிற் காண்கின்றோம். சுண்ணக்கல் நிலத்தூடு வந்த நீரிலுள்ள கல்சியம் இருகாபனேற்று வெப்பத்தாற் பிரிந்து, கல்சியம் காபனேற்றாகப் படிகின்றது என இன்றைய மாணவன் விடை பகர்வான். இவ்விடையைத் தமிழிற் பகர்தற்கு முதலில் வழி சமைத்தோருள் ஒருவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

1822இல் அமெரிக்காவிற் பிறந்த அவர், 1847இல் யாழ்ப்பாணம் போந்து மானிப்பாயில் மருத்துவம் புரிந்தார். தமிழிலேயே மருத்துவமுங் கற்பித்தார். அம்முயற்சியின் பயனாக, வெல்ஸ் என்பாரின் ஆங்கில நூலைத் தழுவிய ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது.

‘இரசாயனம்’ என்னும் சொல் இருக்க, ‘கெமிஸ்தம்’ எதற்கு? என வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், இரசாயனம் எனின் காயகற்பமும் இரசவாதமும் உடன் நினைவுக்கு வருதலின், புதிய துறைக்குப் புதிய பெயர் வேண்டினமை குற்றமாகாது.

பெயரின் பொருட்பொருத்தம் ஒன்றே அதனை வாழ்விப்பதுமன்று. லவோசியரும் அவர்தம் நண்பரும் 1787இல் இரசாயனப் பெயர்முறையை வகுத்தனர். அமிலமனைத்திற்கும் மூலம் எனக் கருதியே லவோசியர் ஒட்சிசனுக்கு ‘அமிலம் பிறப்பிப்பது’ எனப் பொருள்படும் அப்பெயரை இட்டார். ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லையெனப் பின்னர் டேவி நிறுவினார். கருத்துப் பிழைத்தது, பெயரோ நிலைத்தது. செருமானியர் அப்பிழையைத் தம் மொழியிற் பெயர்த்தும் வழங்குகின்றனர். அதனால் அவர்தம் இரசாயனம் குன்றிற்றில்லை.

ஆகவே, ‘கெமிஸ்தம்’ வழக்கொழிந்தமைக்குக் காரணம் அதன் பிறமொழி வேர் அன்று. 1873இல் கிறீன் தாயகம் மீண்டபின், அச்சொல்லை நாடோறும் வழங்கும் வகுப்பறை தொடர்ந்திலது. ஈழத்தில் இரசாயனவியல், மூலகம், சேர்வை எனவும், தமிழகத்தில் வேதியியல், தனிமம், சேர்மம் எனவும் இன்று வழங்குஞ் சொற்கள் உயிர்வாழ்வதும் வகுப்பறையாலேயே.

பல்கலைக்கழக வாயிலில் ஆங்கிலத்திற்கு மாறும் நம் மாணவர், பாடசாலையிற் கற்ற இச்சொற்களை அங்கேயே விட்டுச் செல்கின்றனர். அவர் மீண்டும் தமிழில் எழுதாராயின், இச்சொற்களும் கெமிஸ்தம் சென்ற வழியே செல்லும். கிறீனின் நூலைப் புகழ்தல் எளிது. அவர் தொடங்கிய பணியைத் தொடர்தலே அந்நூலுக்கு நாம் செய்யும் நேரிய மதிப்பீடாம்.