என்டிஎம்-1 ஆய்வு: ஆய்வகத்தில் உறுதி, கடைசிப் பத்தியில் சறுக்கல்

2010 ஆகஸ்டில் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த கார்த்திகேயன் குமாரசாமி. உடன் உழைத்தவர்களில் முக்கியமானவர் அப்போது கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் இருந்த டிமத்தி வால்ஷ். மற்ற மருந்துகள் கைவிட்டபின் மருத்துவர்கள் நாடும் கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற நொதி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவுகிறது என்றது கட்டுரை. டெல்லியில் அரசு கொதித்து, மறுத்தது. அன்று பலர் எடைபோட்டது கட்டுரையை அல்ல, எழுதியவரின் தேசபக்தியை.

ஆய்வகப் பகுதியை முதலில் பார்ப்போம். சென்னையில் 2009இல் பிரித்தெடுத்த 3,521 குடல்வகை பாக்டீரியாக்களில் 141 கார்பபெனத்துக்கு அடங்கவில்லை. அவற்றில் 44இல் என்டிஎம்-1 இருந்தது. ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. எண்ணிக்கையைவிட மரபணு ஒப்பீடுதான் இந்த ஆய்வின் உயிர். ஹரியானா கிருமிகள் எல்லாம் ஒரே குலம். அப்படியென்றால் ஒரு கிருமியே ஆள் விட்டு ஆள் தொற்றியிருக்கலாம். கைகழுவுவதைச் சரிசெய்தால் ஓரளவு அடக்கலாம். சென்னைக் கிருமிகளோ வெவ்வேறு குலங்கள். ஆனாலும் அதே மரபணு, கிருமி விட்டுக் கிருமி எளிதில் தாவும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையங்களில் அமர்ந்திருந்தது. இங்கே ஊர் சுற்றுவது கிருமி அல்ல, மரபணு. இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியதற்காகவே கட்டுரையைப் பாராட்டலாம்.

என்டிஎம்-1ஐ மரபணுச் சோதனை வழியாகத் தேடியதும் சரியான முடிவு. அன்றைய மருத்துவமனை ஆய்வகங்கள் நம்பியிருந்தது திருத்தப்பட்ட ஹாட்ஜ் சோதனை. தட்டு முழுக்க சாதாரண ஈ.கோலையைப் பூசி, நடுவில் மெரோபெனம் என்ற கார்பபெனம் மருந்து வில்லையை வைத்து, சந்தேகத்துக்குரிய கிருமியை வில்லையிலிருந்து ஓரம்வரை ஒரு கோடாக இழுப்பார்கள். மறுநாள் அந்தக் கோட்டை ஒட்டி ஈ.கோலை வில்லையை நோக்கி உள்வாங்கி வளர்ந்திருந்தால், மருந்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது என்று பொருள். ஆனால் என்டிஎம்-1 விஷயத்தில் அந்த வளைவு பலமுறை மங்கலாகவே விழும், சிலசமயம் விழாமலே போகும். அமெரிக்க ஆய்வகத் தர நிறுவனம் இந்தச் சோதனையைத் தன் பரிந்துரையிலிருந்து பின்னாளில் நீக்கியே விட்டது.

குறைகளும் சிறியவை அல்ல. மருத்துவமனைகளில் சேர்ந்த மாதிரிகளை வைத்து ஒரு நாட்டின் பாதிப்பு விகிதத்தைச் சொல்ல முடியாது. பிரிட்டனின் 29 நோயாளிகளில் இந்தியா அல்லது பாகிஸ்தான் போய்வந்ததாகத் தெரிந்தவர்கள் 17 பேர். அந்நாடுகளில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 14 பேர். இவ்வளவை வைத்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சைக்கு இந்தியா போவதைப் பற்றியே எச்சரிக்கும் இடத்துக்குக் கட்டுரை தாவியது. அந்த முடிவுரையில் தனக்கு உடன்பாடில்லை என்று குமாரசாமியே பத்திரிகைகளிடம் சொன்னார். நொதிக்கு டெல்லியின் பெயர் (‘என்டி’ என்பது நியூ டெல்லி) சூட்டியது இதற்கு முந்தைய, 2009ஆம் ஆண்டுக் கட்டுரை. அதற்காக லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011இல் வருத்தம் தெரிவித்தார். நிதி தந்தவர்களில் வையெத் மருந்து நிறுவனமும் உண்டு என்பதைப் பெரிய குற்றமாகச் சொன்னார்கள். கட்டுரையே அதை மறைக்கவில்லை. மரபணு இருக்கிறதா இல்லையா என்பதும் நிதியால் மாறுவதில்லை.

மாறவில்லை என்பதற்குச் சாட்சி மும்பையிலேயே இருந்தது. 2010 மார்ச்சிலேயே ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், கார்பபெனத்துக்கு அடங்காத 24 கிருமிகளில் 22இல் என்டிஎம்-1 இருப்பதாக இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். அப்போது யாரும் கொதிக்கவில்லை! 2011இல் வால்ஷ் குழு டெல்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும், தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அந்த மரபணுவைக் கண்டது.

ஆகவே என் தீர்ப்பு: தரமணியில் செய்த வேலை நிற்கிறது, முடிவுரையின் அறிவுரை நிற்கவில்லை. அந்த ஒரு பத்தியைச் சாக்காக வைத்து மற்ற பக்கங்களைப் புறக்கணித்த அரசின் மறுப்புதான் மூன்றிலும் பலவீனமானது.