சாத்தூர் நாக்கோடு பீட்சா கடைக்குப் போவது எப்படி?

சாத்தூரில் காராச்சேவு வாங்க வருகிறவர் முதலில் விலை கேட்பதில்லை, கையை நீட்டுவார். கடை அண்ணாச்சியும் முகம் சுளிக்காமல் ஒரு சிட்டிகை அள்ளி வைப்பார். மென்று, பூண்டு வாசம் ஏறுகிறதா, உறைப்பு தொண்டை வரை போகிறதா, எண்ணெய் பழசா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் “சரி, அரைக் கிலோ போடுங்க” என்ற வார்த்தை வரும். பிடிக்காவிட்டால் “பெறகு வாரேன் அண்ணாச்சி” என்று நகர்ந்துவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இதே ஆட்கள் மதுரைக்குப் போய் ஒரு செயின் பீட்சா கடையில் உட்கார்ந்தால், படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்து, ஆயிரத்துச் சொச்சம் கட்டிவிட்டு வருகிறார்கள். திரும்பும் வழியில், விருதுநகர் தாண்டுவதற்குள் சண்டை தொடங்கிவிடும். “இந்தக் காசுக்கு விருதுநகர் பர்மா கடையில எத்தன எண்ணெய் பரோட்டா தின்னுருக்கலாம்!” பின் சீட்டிலிருந்து பிள்ளைகள், “எப்பப் பாத்தாலும் பரோட்டாவா?” என்பார்கள். பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டு, கையில் நாலு காசு புழங்கும் தீபாவளிக்குப் பிந்திய நாட்களில் இந்தச் சண்டை எங்கள் வட்டாரத்தில் அதிகம்.

இந்த மாதிரிக் கடைகள் கொடுத்த காசுக்குத் தகுமா? என் பதில்: சில பண்டங்களுக்குத் தகும், பலவற்றுக்குத் தகாது. பிரித்துப் பார்க்கத் தேவையான நாக்கு சாத்தூர்க்காரருக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதைக் கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதான்.

முதலில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். டோமினோஸும் பீட்சா ஹட்டும் 1996-ல் இந்தியாவில் கடை திறந்தன. முன்னது டெல்லியில், பின்னது பெங்களூரில். அதே ஆண்டு சென்னையில் முளைத்த பீட்சா கார்னரை அந்தக் காலக் கல்லூரிப் பிள்ளைகள் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். அதற்கும் முன்பே, 1989-ல், புனேயில் லிட்டில் இத்தாலி தொடங்கியது. சைவம் மட்டும் பரிமாறும் அந்தக் கடை பிற்பாடு சென்னை உட்படப் பல ஊர்களுக்குப் பரவியது. அது மேஜைக்கு வந்து பரிமாறும் வகை. அங்கே ஒரு பாஸ்தாவே கிட்டத்தட்ட ஐந்நூறைத் தொடும். கவுன்ட்டரில் நின்று வாங்கும் வகையில் விலை அதைவிடக் குறைவு.

இவற்றில் எதற்குள்ளும் இத்தாலியைத் தேடிப் போகாதீர்கள். பீட்சா ஹட் 1958-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலும், டோமினோஸ் 1960-ல் மிச்சிகனிலும் பிறந்தவை. டோமினோஸ் 2015-ல் துணிந்து மிலான் நகரிலேயே கடை போட்டது. 2022-ல் இத்தாலியை விட்டே மூட்டை கட்டியது.

அப்படியானால் இவை விற்பது என்ன? ஏமாற்றம் இருக்காது என்ற உத்தரவாதம். டோமினோஸ் கடைகளில் மாவு அங்கேயே பிசையப்படுவதில்லை. மையச் சமையல்கூடத்தில் பிசைந்து, உருண்டையாக்கி, குளிர்வண்டியில் கடைகளுக்கு வருகிறது. மதுரைக் கடைப் பையனுக்குக் கைமணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பீட்சா ஒன்றுதான். சாத்தூரில் அடுத்தடுத்த இரண்டு கடைகளில்கூட சேவு ஒன்றாக இருக்காது. ஒரே கடையில் காலைச் சட்டிக்கும் மாலைச் சட்டிக்கும் வித்தியாசம் சொல்லும் கிழவர்கள் உண்டு. அதனால்தான் இங்கே சிட்டிகை தேவைப்படுகிறது. செயின் கடையில் சிட்டிகை தேவைப்படாததற்கும் சேர்த்துத்தான் பில்.

என் அத்தை அந்தச் சிட்டிகையை விடுவதாக இல்லை. ஒரு கடையில், தொப்பி போட்ட பையனிடம், “தம்பி, இதுல கொஞ்சம் ருசி பாக்கக் குடுப்பியா?” என்று கேட்டுவிட்டார். “அப்படியெல்லாம் குடுக்கிறதில்ல மேடம்” என்றான் அவன். “அப்ப எப்படிப்பா நம்பி வாங்குறது?” பையன் சிரித்தான், பதில் சொல்லவில்லை. அத்தை கேட்டதில் என்ன தவறு?

ஏசி, குழந்தைகள் ஓடியாட இடம், சுத்தமான கழிப்பறை எல்லாமும் பில்லில் அடக்கம். எழுபது கிலோமீட்டர் சொச்சம் வந்த குடும்பத்தில் முழங்கால் வலிக்காரப் பாட்டி ஒருவர் இருந்தால், அந்தக் கழிப்பறைக்கே நூறு ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். இதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் வயசானவர்களோடு பயணம் செய்யாதவர்கள்.

சரி, தட்டு வந்துவிட்டது. முதல் துண்டை எடுத்ததும் வாயில் வைக்காதீர்கள். தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மைதாவில் எங்கள் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவில் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இல்லாவிட்டால் பிய்த்த கையோடு தட்டைத் தள்ளுகிறவர்கள் நாம். பீட்சாவுக்கும் அதே கண்தான். அடியில் அங்கங்கே பழுப்புப் புள்ளி வேண்டும். வெளுத்துக் கிடந்தால் வேகவில்லை, ஒரே சீராகக் காய்ந்த பழுப்பு என்றால் அடுப்பில் நேரம் கூடிவிட்டது. அடுத்து, சீஸ் படாத ஓரத்தைப் பிய்த்துத் தனியாக மெல்லுங்கள். உள்ளே காற்றறைகள் தெரிய வேண்டும். லேசான புளிப்பும் உப்பும் இருந்தால் மாவு நேரம் எடுத்துப் புளித்திருக்கிறது. வெறும் பன் ருசி வந்தால் அவசரப்பட்ட மாவு. பெரும்பாலோர் அந்த ஓரத்தைத்தான் தட்டில் ஒதுக்குகிறார்கள். கடையின் லட்சணம் முழுக்க அதில் இருக்கிறது.

நேப்பிள்ஸ் நகரத்து முறையில் விறகடுப்பு 485 டிகிரி செல்சியஸ் வரை தகிக்கும். பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. செயின் கடையில் நகரும் பட்டை மேல் பீட்சா ஊர்ந்து போய், குறைந்த சூட்டில், சில நிமிடங்கள் வேகும். அதனால் அந்தத் தீய்ந்த கொப்புளங்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் சூடாக வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு. பெட்டிக்குள் போட்டு மூடினால் ஆவி மாவில் இறங்கி, பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். சேவுப் பொட்டலத்தைச் சூட்டோடு கட்டாதே என்று அண்ணாச்சி சொல்வது இதே காரணத்துக்காகத்தான். பீட்சாவைப் பார்சல் வாங்குகிறவர் பாதி ருசியை ரோட்டில் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்.

எதை ஆர்டர் செய்வது? மார்கரிட்டாவை. தக்காளி, சீஸ், மாவு; ஒளிந்துகொள்ள இடமில்லை. மேலே பன்னீர் டிக்கா, சோளம், மூன்று வகைக் குடைமிளகாய் என்று குவிக்கக் குவிக்க அடியில் உள்ள மாவு எப்படி என்று தெரியாமல் போகும். சீஸை உள்ளே பொதிந்த வகை கடைக்காரருக்கு நல்ல வியாபாரம், நமக்கு நாலு வாய்க்கு மேல் திகட்டல்.

தக்காளிச் சாற்றில் புளிப்பு முதலிலும் இனிப்பு பின்னாலும் வர வேண்டும். இனிப்பு முந்தினால் சர்க்கரை விழுந்திருக்கிறது. மேலே தூவும் ஆரிகனோ நம் நாக்குக்குப் புதிதல்ல. ஓமத்தின் வாசத்துக்குக் காரணமான தைமால் அதிலும் உண்டு. நேப்பிள்ஸ்காரர்கள் பச்சையாகப் பிய்த்துப் போடும் துளசி போன்ற இலை வேறெதுவுமில்லை, நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். ரோஸ் மில்க்கில் மிதக்கும் சப்ஜா விதை அந்தச் செடியில் விளைவது. கவுன்ட்டர் கடைகளில் இந்த இலையை அநேகமாகப் பார்க்க முடியாது. மேஜைக் கடையில் கேட்டுப் பாருங்கள், பச்சையாக வந்தால் நல்ல அறிகுறி.

மிளகாய்த்தூள் பாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. உறைப்பில் வளர்ந்த நமக்குக் கை தானாகப் போகும். முதல் இரண்டு துண்டுக்காவது அடக்குங்கள். மிச்ச பாக்கெட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து ஆம்லெட்டில் போடுவதில் தப்பில்லை. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

பாஸ்தாவில்தான் காசு அதிகம் போகிறது, ஏமாற்றமும் அதிகம். நல்ல பாஸ்தா கடினக் கோதுமை ரவையில் ஆனது, மைதாவில் அல்ல. இத்தாலியர் கணக்கு எளிமை: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. அந்த உப்பு வேகும்போதே உள்ளே இறங்க வேண்டும். பிறகு சாஸில் எவ்வளவு கொட்டினாலும் ஈடாகாது.

இந்த உப்பு ஒரு பெரிய கம்பெனியையே ஆட்டிவைத்தது. டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆலிவ் கார்டன் தெரிந்திருக்கும்: 1982-ல் ஓர்லாண்டோவில் தொடங்கி, அளவில்லா சாலட்டும் ரொட்டிக் குச்சியும் கொடுத்து அமெரிக்கா முழுக்கப் பரவிய இத்தாலியன் செயின். 2014-ல் அதன் தாய்க் கம்பெனியான டார்டனில் பங்கு வைத்திருந்த ஸ்டார்போர்டு வேல்யூ என்ற நிறுவனம் கிட்டத்தட்ட 300 பக்கங்களுக்குக் குற்றப்பட்டியல் வாசித்தது. அதில் ஊரெல்லாம் பேசப்பட்டது ஒரே வரி: பாஸ்தா வேகவைக்கும் தண்ணீரில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். காரணம், உப்பில்லாவிட்டால் பாத்திரங்களுக்கு வாரண்டி நீளும்! அந்த அக்டோபரில் பங்குதாரர்கள் ஓட்டுப்போட்டு டார்டனின் 12 இயக்குநர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்பு மட்டுமே காரணமல்ல. ஆனாலும் உப்பில்லாப் பண்டத்தைக் குப்பையில் போடச் சொன்ன நம் பாட்டிமார் கேட்டிருந்தால் தீர்ப்பை மெச்சியிருப்பார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2012-ல், வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிறு நகரத்தில் புதிதாகத் திறந்த ஆலிவ் கார்டனைப் பற்றி, 85 வயது மெர்லின் ஹாகெர்ட்டி உள்ளூர்ப் பத்திரிகையில் நேர்மையாக, மரியாதையாக எழுதினார். பெருநகரத்து ஆட்கள் செயின் கடைக்கெல்லாம் விமர்சனமா என்று கேலி செய்தார்கள். சமையல் உலகின் வம்புக்காரரான ஆண்டனி போர்டெய்னோ கடைசியில் அந்த அம்மாள் பக்கம் நின்று, அவருடைய விமர்சனங்களைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். சிறு ஊருக்கு வரும் முதல் பெரிய கடை அந்த ஊருக்கு ஒரு நிகழ்ச்சி. அதைச் சிரத்தையாகச் சாப்பிட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. நானும் அந்த அம்மாள் கட்சி.

நம் மேஜைக்கு வருவோம். பாஸ்தா வந்ததும் சாஸ் படாத ஒரு துண்டை முள்கரண்டியால் எடுத்துத் தனியாக மெல்லுங்கள். உப்பு உள்ளேயிருந்து வந்தால் சமையல்காரருக்குத் தொழில் தெரியும். சாஸில் கரித்து, பாஸ்தா சப்பென்றிருந்தால் அடுத்த முறை அங்கே போகாதீர்கள். கடித்தால் நடுவில் ஒரு இம்மி உறுதி வேண்டும். நம்மில் பலர் “வேகல” என்று திருப்பி அனுப்புவதால் கடைகள் குழைத்தே தருகின்றன. ஆர்டர் கொடுக்கும்போதே குழையாமல் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

வெள்ளைச் சாஸ் வேண்டாம். ரோமில் உணவகம் நடத்திய ஆல்ஃபிரெடோ டி லெலியோவுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பாஸ்தாவில் வெண்ணெயும் பார்மெசான் சீஸும் மட்டுமே. இங்கே வருவது பெரும்பாலும் மைதாவும் பாலும் காய்ச்சிய கஞ்சி. அதற்கு நானூறு ரூபாய் கொடுக்க எனக்கு மனசு வராது. மெனுவில் ஆலியோ ஒலியோ இருந்தால் அதைக் கேளுங்கள்: ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பு. பூண்டும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று காராச்சேவு தின்று வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பூண்டு பொன்னிறத்தில் நின்றிருக்கிறதா, கருகிக் கசக்கிறதா என்பதை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காம்போ எதையும் தொடாதீர்கள். அதில் மலிவாகத் தெரிவது குளிர்பானத்தின் விலை. நாலு பேருக்கு ஒரு பூண்டு ரொட்டி போதும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கடைகள் உள்ள செயின்கள் மெனுவில் கலோரிக் கணக்கைப் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அந்தப் பொடி எழுத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆக, நாலு பேர், சூடான மார்கரிட்டா இரண்டு, ஆலியோ ஒலியோ ஒன்று, பூண்டு ரொட்டி ஒன்று, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது: இது தகும். வெள்ளைச் சாஸ், சீஸ் பொதி, பார்சல்: தகாது.

பில் வந்ததும் படித்துப் பாருங்கள். இத்தகைய கடைகளில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது கட்டாயமல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே இதைச் சொல்லிவிட்டது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.